தட்டு வலப்பக்கம் போகும்

“வழக்கமான ரூம்தானே, சார்?”

லாட்ஜ் வரவேற்பறைப் பெண் நேற்று சாயங்காலம் சாவியை நீட்டிக்கொண்டே கேட்ட அந்தக் கேள்வியின் முன்னால்தான் போன வாரம் நாம் இன்ஸ்பெக்டரம்மாவை விட்டுவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். உடம்பு அறைக்கு வந்து, சாப்பிட்டு, படுத்து, விடிந்து எழுந்தும் ஆயிற்று. மனசு மட்டும் அந்த மேஜையை விட்டு நகரவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா என்றதும் யாரும் விறைத்துக்கொண்டு சல்யூட் அடிக்க வேண்டாம். அவள் போலீஸ் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து, சொன்னது மெய்யா பொய்யா என்று முடிவு செய்கிற வேலை. வண்டி மரத்தில் மோதிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவள் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எந்த மரத்துக்குங்க நீலப் பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க?” என்று கேட்பாள். எதிரில் நிற்பவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பட்டம் வீட்டுக்காரர் சூட்டியது. ஆரம்பத்தில் கேலிக்குச் சூட்டினார். இப்போது பயந்துகொண்டு சொல்கிறார்.

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடைக்காரர். முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, மூக்குக் கண்ணாடி. காய்ச்சல் அடித்தாலும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பவர். அப்படிப்பட்ட மனுஷன் திடீரென்று, “மூணு நாள் கடையை மூடிட்டு ஏரிக்கரைப் பக்கம் போய்ட்டு வரலாம். நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்ல” என்றார். பரீட்சை நேரம் என்று மகன் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டான். சரி, நாம் இரண்டு பேர்தானே என்று அவள் சந்தோஷமாகப் பெட்டி கட்ட ஆரம்பித்தபோது, “பாப்பாவும் வரணும். அவ வரலைன்னா நானும் வரல” என்று கொடி பிடித்தார்.

பாப்பா என்பது அவருடைய தங்கை. நாற்பது தாண்டியாகிவிட்டது, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள். வீட்டில் அவள் என்றைக்கும் பாப்பாதான். முன்பெல்லாம் அவளை எங்கேயாவது அழைத்துப் போகலாம் என்றால் முகத்தைச் சுளிக்கிற அண்ணன், இந்தத் தடவை மட்டும் ஏன் பிடிவாதம் பிடித்தார்? இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது.

அதற்கு மேல்தான் அந்த வரவேற்பறைக் கேள்வி.

“ஆள் மாத்திச் சொல்றீங்கம்மா. நான் இங்க முதல் தடவை வர்றேன்” என்றார் அவர். அந்தப் பெண் இவர் முகத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சாரி சார்” என்றாள். ஆள் தெரியாமல் சொன்ன சாரி மாதிரி அது இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் சொன்ன சாரி.

காலையில் முதலில் குளித்தது இன்ஸ்பெக்டரம்மா. சிவப்புப் புள்ளி வைத்த குழாயைத் திறந்தாள். பனிக்கட்டி மாதிரித் தண்ணீர் தலையில் கொட்டியது. அலறிப் புடைத்துக்கொண்டு நீலத்தைத் திறந்தால் அதில்தான் வெந்நீர். யாரோ குழாயை மாற்றி மாட்டிவிட்டிருக்கிறார்கள். அவரைக் கொஞ்சம் அலற வைத்துப் பார்க்கலாமே என்று, வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல் தலையைத் துவட்டிக்கொண்டாள்.

அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அலறலும் இல்லை, முனகலும் இல்லை. ஒரே ஒரு குழாய் திறக்கிற சத்தம். கதவிடுக்கில் ஆவி வந்தது. உள்ளே மனுஷன் ராகம் இழுத்துக்கொண்டு குளித்தார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஈரத் துண்டு மடியில் கிடந்தது.

அதே நேரம் பக்கத்து அறையிலிருந்து, “ஐயையோ!” என்று பாப்பாவின் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. சரி, பாப்பா நிரபராதி. அவளுக்கு இந்த இடம் புதுசு. சந்தேகப் பட்டியலில் இருந்து ஒரு ஆளைக் கழித்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒரே ஒருவர், அவர் உள்ளே பாடிக்கொண்டிருக்கிறார்.

துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர் பால்கனிக் கதவைத் திறந்தார். அந்தக் கதவோடு நேற்று அவள் மல்லுக்கட்டிப் பார்த்துத் தோற்றுப் போயிருந்தாள். அவர் பிடியை லேசாக மேலே தூக்கி, முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினார். சமத்தாகத் திறந்துகொண்டது.

“டீ எங்கங்க கிடைக்கும்?” என்று ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்.

“மாடிப்படிக்குப் பின்னாடி ஒரு சின்ன கவுன்ட்டர் இருக்கு…” என்றவர், சீப்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, “இருக்கும்னு நினைக்கிறேன்” என்று முடித்தார்.

அந்த ‘நினைக்கிறேன்’ நேரம் கழித்து வந்து சேர்ந்தது. ஆபீசில் இப்படித் தாமதமாக வருகிற வார்த்தைகளுக்காகத்தான் அவளுக்குச் சம்பளமே தருகிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய இதே சமயத்தில் இரண்டு நாள் லென்ஸ் கம்பெனி மீட்டிங் என்று கிளம்பிப் போவார். திரும்பி வரும்போது மூக்கு நுனி கறுத்திருக்கும். மீட்டிங்கை வெயிலிலா நடத்துவார்கள் என்று ஒரு தடவைகூடத் தனக்குத் தோன்றவில்லையே! ஊரார் வண்டியில் விழுந்த கீறலையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள், சொந்த வீட்டு வண்டியைத் துடைக்கக்கூட இல்லை. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அதற்கு அடியில் பயம் இருந்தது. இந்த வயதில் இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது, யாரிடம் போய்ச் சொல்வது?

பத்து மணி வாக்கில் மூன்று பேரும் படகுத்துறைக்கு நடந்தார்கள். ஏரி என்னவோ அழகாகத்தான் இருந்தது. தண்ணீரும் வெயிலும் விளையாடின, குழந்தைகள் வாத்துப் படகில் மிதித்துக்கொண்டு போனார்கள். பார்க்கிற மனநிலையில் யார் இருந்தார்கள்?

துறையை ஒட்டிய சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்தார்கள். அவர் முட்டையும் ரொட்டியும் சொன்னார். அவள் காளான் வதக்கல் சொன்னாள். பாப்பா சீஸ் வைத்த சாண்ட்விச் சொன்னாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு ஒரு வியாதி உண்டு. வெளியில் சாப்பிடப் போனால் ஆளுக்கு ஒன்றாகத்தான் வாங்க வேண்டும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. நாலு வாய் சாப்பிட்டதும் இருப்பவர்களில் பெரியவர் ஸ்பூனால் டம்ளரில் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே அவரவர் தட்டை வலப்பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டு, இடப்பக்கத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். தட்டுகள் சுற்றி வந்து சொந்த இடம் சேரும் வரை இந்தக் கூத்து நடக்கும். கண்டுபிடித்தவர் காலமாகிவிட்ட மாமனார், டைப்ரைட்டர் ரிப்பேர்க்காரர். “வீட்டுல திங்கிறதையே எல்லாரும் ஒண்ணா திங்கிறோம். ஓட்டலுக்கு வந்தும் ஒண்ணையே தின்னா வந்தது எதுக்கு?” என்பது அவர் கட்சி.

கல்யாணமான புதிதில், அடுத்தவர் கடித்து வைத்த மிச்சத்தைத் தின்ன வேண்டுமா என்று இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் புருஷன் நீட்டிய தட்டை அழுதுகொண்டே வாங்கினாள். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு பிடித்தும் போய்விட்டது. உலகத்தில் வேறு எந்தக் குடும்பமும் இப்படிச் சாப்பிடாது என்று ஆபீசில் பெருமையாகவே சொல்லுவாள்.

கண்ணாடிக் கடைக்காரர் ஸ்பூனை எடுத்தார். டிங், டிங்.

தட்டுகள் நகர்ந்தன. அவருடைய ரொட்டி இவளிடம் வந்தது, இவளுடைய காளான் பாப்பாவிடம் போனது. பாப்பா தன்னுடைய சாண்ட்விச்சை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டு, தனக்குள் பேசுகிறவள் மாதிரி, “ஒண்ணு குறையுது” என்றாள்.

“பாப்பா!” என்றார் அவர்.

“நான் யார் பேரையும் சொல்லலையே அண்ணா. ஒண்ணு குறையுதுன்னுதான் சொன்னேன்.”

அவர் சாண்ட்விச்சைத் தொடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாப்பா சொன்ன அந்த ஒன்று, மூன்றாவது தட்டல். அப்பா இரண்டு தட்டினால், வால்பையன் கடைக்குட்டி கொஞ்சம் விட்டு மூன்றாவதாக ஒன்று தட்டுவான். டிங், டிங்… டிங். அடித்தும் பார்த்தார்கள், ஆள் திருந்தவில்லை. அம்மா சீக்கிரம் போய்விட, அந்தக் கடைக்குட்டிக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவள் பாப்பா. அவளும் அப்போது பாவாடை கட்டிய சிறுமிதான்.

அந்தச் சின்னவன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனான். ஒரு நாள் சாயங்காலம் அண்ணனும் தம்பியும் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஏதோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. மறுநாள் காலையில் தம்பி ஒரு பையோடு போய்விட்டான். “அவனுக்கு நம்ம யாரும் வேண்டாமாம். இனிமே இந்த வீட்டுல அவன் பேரை எடுக்கக் கூடாது” என்றார் அண்ணன். பாப்பா மூன்று மாதம் அண்ணன் முகம் பார்த்துப் பேசவில்லை. அதன் பிறகு பேசினாள், சிரித்தாள். ஆனால் வெளியில் சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்த மூன்றாவது தட்டலுக்காகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். இன்ஸ்பெக்டரம்மா அதைப் பார்த்திருக்கிறாள்.

“ஒரு மணிக்கு அங்க இருக்கணும்” என்றார் அவர், எதிர்க்கரையில் தண்ணீர் மேல் கால் ஊன்றி நின்ற ரெஸ்டாரன்ட்டைக் காட்டி. “டேபிள் சொல்லி வெச்சிட்டேன்.”

“எப்ப சொன்னீங்க?”

“முந்தாநாள்.”

“நம்பர் எப்படிங்க கிடைச்சுது?”

“இன்டர்நெட்ல.”

போன மாதம் மகனுக்கு ஒரு போட்டோ அனுப்பத் தெரியாமல், போனைத் தூக்கிக்கொண்டு எதிர்வீடு வரை போனவர் இவர். இன்ஸ்பெக்டரம்மா ரொட்டியை மென்று முழுங்கினாள். கேஸ் முழுசாகக் கைக்கு வரும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது தொழிலில் அவள் கற்றது.

படகில் போகும்போது பாப்பா அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

“என்ன அண்ணி, முகமே சரியில்ல?”

“ஒண்ணுமில்லம்மா. தண்ணி ஒத்துக்கல.”

“அந்தக் குழாயைச் சொல்றீங்களா? எனக்கு உயிரே போயிடுச்சு! சிவப்புன்னா சுடுதண்ணின்னு நம்பித் திறந்தேன்.”

“உங்க அண்ணன் நம்பல” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. பாப்பாவுக்குப் புரியவில்லை. அண்ணி இப்படி ஏதாவது வண்டிப் பாஷை பேசுவது சகஜம் என்று சிரித்துவிட்டு ஏரியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ரெஸ்டாரன்ட்டில் கூட்டம் சுமாராக இருந்தது. வட்ட மேஜைகள், வெள்ளை விரிப்பு, ஓரமாக நீளத்துக்கு ஜன்னல். சர்வர் இவரைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தார். ஜன்னலோரம் தாராளமாக ஒரு மேஜை காலியாக இருந்தது, காற்றும் வந்தது. அவர் அதை விட்டுவிட்டு நட்டநடுவில் ஒரு மேஜையில் போய் உட்கார்ந்தார்.

“அங்க உக்காரலாமேங்க?”

“வெயில் அடிக்கும்.”

அடிக்கவில்லை. அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் நிழல்தான். அவள் கண்ணை ஓட்டினாள். இவர் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே, அடுத்த மேஜையில், ஒரு பெண் இருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். லட்சணமான முகம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். பக்கத்தில் ஏழெட்டு வயசில் ஒரு பெண் குழந்தை, முன்பல் இரண்டைக் காணோம். குழந்தைக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதன் முன்னாலும் தண்ணீர் டம்ளர் வைத்திருந்தது.

குழந்தை இந்தப் பக்கம் திரும்பியது. கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்தது. கையைத் தூக்கப் போனது. அவர் தலையை அரை அங்குலம் ஆட்டினார், வேண்டாம் என்று. குழந்தை கையை மடியில் போட்டுக்கொண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது.

பாப்பா மெனு கார்டில் மூழ்கியிருந்தாள். இன்ஸ்பெக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். அதன் மூக்கையும் பார்த்தாள். அந்தக் குடும்பத்து மூக்கு, நுனியில் லேசாகப் பிளந்தது. மாமனாரின் போட்டோவில் அது தொங்குகிறது, அவள் பிள்ளை முகத்திலும் இருக்கிறது.

மெனு கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

சாப்பாடு வந்தது. அவருக்கு வறுத்த மீன், அவளுக்கு நூடுல்ஸ், பாப்பாவுக்குக் கோழி சூப்பும் ரொட்டியும். யார் என்ன சொன்னார்கள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

“ஏங்க” என்றாள் மெதுவாக.

“ம்?”

“அந்தப் பொண்ணு அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்கே.”

அவர் கையிலிருந்த மீன் தட்டில் விழுந்தது. “எந்தப் பொண்ணு?”

“சும்மா இருங்க. முதல் தடவை வர்ற ஊர்ல எந்தக் குழாயில வெந்நீர் வரும்னு உங்களுக்குத் தெரியுது. கதவை எங்க தூக்கித் தள்ளணும்னு தெரியுது. சர்வர் பல்லைக் காட்டுறான். நான் கத்தப் போறதில்ல, பாப்பா இருக்கா. ஒரே ஒரு கேள்விதான். எத்தனை வருஷமாங்க?”

“நீ நினைக்கிற மாதிரி இல்ல.”

“மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் என் மேஜைக்கு முன்னாடி நின்னு சொல்ற முதல் வரி அதுதான்.”

அழக் கூடாது, இங்கே அழவே கூடாது என்று டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள்.

அப்போதுதான் அடுத்த மேஜையில் அந்தக் குழந்தை ஸ்பூனை எடுத்தது.

டிங், டிங்.

அந்தப் பெண் பதறிப்போய், “இப்ப வேண்டாம்டா, அப்பா வரட்டும்” என்றாள். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ரத்தமெல்லாம் தலைக்கு ஏறியது. வேறு எந்தக் குடும்பமும் இப்படிச் சாப்பிடாது. அப்படியானால் இது வேறு குடும்பமே இல்லை. தன்னுடைய மேஜையையே பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே இன்னொன்று போட்டு வைத்திருக்கிறார்! தான் அழுதுகொண்டே வாங்கின தட்டை, இவள் எத்தனை வருஷமாக வாங்குகிறாள்?

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழப் போனாள். அதற்குள் கொஞ்சம் விட்டு, குறும்பாக, இன்னொன்று கேட்டது.

டிங்.

பாப்பா சூப் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

சத்தமே இல்லாமல் வைத்தாள். தலையைத் திருப்பிக் குழந்தையைப் பார்த்தாள், காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். ஊசி போடும்போது நோயாளியின் முகத்தைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள்.

“அண்ணா, அது யார் குழந்தை?”

கண்ணாடிக் கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“சின்னவன் குழந்தையா?”

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

இன்ஸ்பெக்டரம்மா எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தாள். முதலில் வந்தது நிம்மதி, வெட்கம் கெட்ட நிம்மதி. என் புருஷன் எனக்குத்தான் என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுசாக வெளியே போவதற்குள் அடுத்தது வந்தது. வருஷா வருஷம் லென்ஸ் கம்பெனி மீட்டிங். மாடியில் ஒருத்தி ஒன்பது வருஷமாகக் காதைக் கொடுத்துக் காத்திருக்க, பேரை எடுக்கக் கூடாது என்று தடை போட்டவரே வந்து தம்பியோடு உட்கார்ந்து தட்டு மாற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

“அவனுக்கு நம்ம யாரும் வேண்டாம்னு சொன்னீங்களே அண்ணா” என்றாள் பாப்பா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கேட்கத் தாங்கவில்லை. “நான் செத்துப்போயிருந்தா அவனுக்குச் சொல்லியிருப்பீங்களா?”

“பாப்பா, அப்படியெல்லாம் பேசாதே. நானே சொல்லணும்னுதான் உன்னை இங்க…”

பாப்பா கேட்கவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு மேஜைக்கும் நடுவே நடந்தாள். அங்கே குழந்தை தன் நூடுல்ஸ் தட்டைக் காலி நாற்காலிப் பக்கம் நீட்டிப் பிடித்தபடி, “வலப்பக்கம்தான் குடுக்கணும், ரூல்னா ரூல்” என்று அம்மாவிடம் வாதாடிக்கொண்டிருந்தது. பாப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அது எங்க அப்பா சீட்டு” என்றது குழந்தை.

“தெரியும்டா கண்ணு. உங்கப்பா வந்தா எந்திரிச்சுக்கிறேன். இப்ப தட்டைக் குடு, கை வலிக்கும்.”

“நீங்க யாரு?”

“உங்கப்பாவுக்கு அக்கா.”

குழந்தை தட்டைக் கொடுத்துவிட்டுக் கண்ணை அகல விரித்தது. “எங்களைப் பார்க்கவே மாட்டேன்னு சொன்ன அத்தையா?”

அம்மாக்காரி குழந்தையின் வாயைப் பொத்தினாள். ரொம்பத் தாமதமாகப் பொத்தினாள்.

பாப்பா கையில் தட்டோடு அப்படியே இருந்தாள். “நான் சொன்னேனா?” என்றாள். “யார்டா கண்ணு சொன்னது, நான் அப்படிச் சொன்னேன்னு?”

குழந்தை விரலை நீட்டிக் காட்டியது. “பெரியப்பா.”

இன்ஸ்பெக்டரம்மா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பொய்யை வைத்து அக்காவையும் தம்பியையும் இரண்டு பக்கமும் பிரித்து வைத்திருக்கிறார். அவனுக்கு நீ வேண்டாம் என்று இவளிடம், அவளுக்கு நீ வேண்டாம் என்று அவனிடம். எதற்காக? முன்பக்கம் அடிபட்ட வண்டி பின்பக்கம் ஏன் நசுங்கியது என்று அவள் கேட்கிற கேள்விதான் இப்போது அவள் வீட்டுக்குள் வந்து நின்றது.

“இப்ப மட்டும் ஏன் எங்களைக் கூட்டிட்டு வந்தீங்க?”

“இந்த வருஷம் அக்காவைப் பார்க்கலைன்னா நேரா வீட்டுக்கே வந்து நிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னான். பாப்பாகிட்ட முதல்ல பக்குவமா சொல்லிட்டு, அப்புறம் அவங்களை இந்த டேபிளுக்குக் கூப்பிடலாம்னு… காலையிலேர்ந்து வாய் வரைக்கும் வந்துச்சு.”

“வீட்டுக்கு வந்தா என்னங்க? வரட்டுமே! வீட்டுல யார் இருக்கா, பாப்பாவும் நானும்தானே?”

அவர் மீனை இரண்டாகப் பிய்த்தார்.

வாசல் கதவு திறந்தது. உள்ளே வந்தவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது, உடம்பு இளைத்திருந்தது. ஆனால் அந்த மூக்கு அதேதான். தன் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் அவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். பாப்பா எழுந்தாள். அவன் வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். “சாப்பிட்டியாடா?” என்று மட்டும் பாப்பா கேட்டாள், திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்கும் கண் நிறைந்தது. எழுந்து போய், “நல்லாயிருக்கியாப்பா?” என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அவள் தோளுக்கு மேலாக அண்ணனைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“அண்ணிக்கு இன்னும் தெரியாதா அண்ணா?” என்றான்.

“என்ன தெரியாது?” என்றாள் அவள்.

“நீங்க சொல்லிட்டீங்கண்ணா, அதனாலதான் அண்ணி வந்திருக்காங்கன்னு நினைச்சேன்.” அவன் குரல் இறங்கியது. “அண்ணி, நான் வீட்டை விட்டுப் போனது உங்களுக்காகத்தான். இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. அன்னிக்கு ஷட்டருக்குள்ள அண்ணனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

அந்தக் கூடத்தில் ஸ்பூன் சத்தமும் பேச்சுச் சத்தமும் முன்பு போலவே கேட்டுக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டரம்மா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மேஜையில் இப்போது அவளும் அவரும் மட்டும்தான். அவர் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் டம்ளரைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாதபோது மனுஷன் பழகினதைத்தானே செய்வான்? ஸ்பூனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். மீன் தட்டைத் தூக்கி வலப்பக்கம், அவளிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

“எனக்காகன்னா என்ன? முதல்ல அதைச் சொல்லுங்க” என்றாள். “அப்புறம் வாங்கிக்கிறேன்.”

அவர் தட்டை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் நீட்டிய தட்டை அவள் வாங்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.